லைனில் யாரோ இருக்கிறார்கள்

1999ஆம் வருஷம், ஆடி மாதம். ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டராக வேலை பார்த்தேன். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. காலையில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எந்தப் பக்கம் களை எடுத்தார்கள், எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று நோட்டில் எழுதி வைக்கிறவர்தான் ரைட்டர். என் படிப்பு பத்தாவது. அந்தப் படிப்புக்கு அது நல்ல வேலை. எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். பின்கட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம்.

இந்த விஷயத்தை என் பிள்ளைகளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பெருமை தராத பாதியைச் சொன்னதில்லை. அதையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

எஸ்டேட் முதலாளி பெங்களூரில் இருந்தார். அந்த வருஷம் அவருக்கு ஒரு ஆசை வந்தது. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குள் அன்றைய மழை, ஆள், வேலை எல்லாம் அவருக்கு இ-மெயிலில் வந்துவிட வேண்டும். ஒரு கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். கூட வந்தவர் இரண்டு நாள் தங்கி எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதெல்லாம் இன்டர்நெட் போன் கம்பி வழியாகத்தான் வரும். மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. அது போன் நம்பரைத் தானே சுழற்றும். பிறகு கீய்ங் என்று கத்தும், கர்ர் என்று கரகரக்கும். அந்தச் சத்தம் அடங்கியதும் திரையின் மூலையில் ஒரு எண் தெரியும். அதுதான் வேகம். எண் பெரிதாக இருந்தால் கடிதம் சீக்கிரம் போகும். சின்னதாக இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் காலையில் போட்டால் 31,200 என்று காட்டும். ஒரு பக்கக் கடிதம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதே மோடம், அதே கம்பி, சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் 4,800. பாதியில் அறுந்துபோகும். மறுபடி போட்டால் மறுபடி அறுந்துபோகும். மழை பெய்கிற நாளில் காலையிலிருந்தே இந்தப் பாடுதான்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு முதலாளி போன் செய்தார்.

“சாயங்கால ரிப்போர்ட் ஏன் மறுநாள் காலையில வருது?”

“லைன் கெடைக்கலீங்க ஐயா. காலையில நல்லாப் போவுதுங்க.”

“காலையில போற லைன் சாயங்காலம் எங்க போகும்? ராத்திரி பூரா உக்காந்து மாத்தி எழுதறீங்களா?”

அப்படி ஒரு பேச்சை அதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவரே இன்னொன்றும் சொன்னார்.

“இதென்ன உம்முனு ஒரு சத்தம்? உங்க பேச்சும் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. லைன்ல யாரோ இருக்காங்க ரைட்டர். பாருங்க.”

போனை வைத்தேன். ‘லைனில் யாரோ இருக்கிறார்கள்.’ அந்த ஒரு வார்த்தை என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. என்னைக் கள்ளன் என்று நினைத்த மனிதருக்கு வேறொரு கள்ளனைக் காட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. அது என் மனதில் ஓடியது உண்மை. அதை மறைத்துப் பயனில்லை.

எங்கள் போன் கம்பி ரோட்டோரக் கம்பத்திலிருந்து கிளம்பி, ஒரு சவுக்கு மரத்தைத் தொட்டு, பக்கத்து வீட்டுக் கொல்லை மேலாகத்தான் எங்கள் வீட்டுக்கு வரும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைச் சாவிக்காரர் என்று சொல்கிறேன். ஏற்காட்டில் வெளியூர்க்காரர்களின் பங்களாக்கள் நிறைய உண்டு. சொந்தக்காரர்கள் வருஷத்தில் பத்து நாள் வந்து தங்குவார்கள். மீதி நாளெல்லாம் பூட்டியே கிடக்கும். அப்படி ஐந்து பங்களாக்களின் சாவி அவரிடம் இருந்தது. கூட்டுவது, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுவது, ஆள் வருகிற நாளில் வெந்நீர் போட்டு வைப்பது அவர் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதுதான் அவர் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு முதலீடு ஒன்றே ஒன்றுதான். கெட்ட பெயர் இல்லாமல் இருக்க வேண்டும். சாவி வைத்திருக்கிறவர் மேல் ஒரு சொல் விழுந்தால் போதும், அடுத்த வேளைச் சோறு சந்தேகம்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நான் ஒரு பழைய நோட்டை எடுத்து, தினமும் மோடம் காட்டுகிற எண்ணையும் நேரத்தையும் எழுத ஆரம்பித்தேன். பத்து நாளில் எல்லாம் பொருந்தி வந்தது. அவர் காலையில் பங்களா வேலைக்குப் போய்விடுவார், லைன் நன்றாக இருக்கும். சாயங்காலம் ஐந்துக்கு வீடு திரும்புவார், லைன் கெட்டுப்போகும். மழை நாளில் அவர் வீட்டிலேயே இருப்பார், அன்றைக்கு முழுநாளும் லைன் இருக்காது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்றும் உறுத்தியது. அவர் வீட்டில் போன் கிடையாது. ஆனாலும் சென்னையிலிருந்து பங்களாக்காரர்கள் வருகிற தேதி அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். கார் வந்து நிற்கும்போது வாசல் கூட்டிக் கோலம் போட்டிருக்கும். போன் இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? டெலிபோன் பில்லில் கூடுதலாகப் போன் கால் எதுவும் இல்லையே என்று மனைவி கேட்டாள். “வர்ற போனை மட்டும் பேசறாரு. அதுக்குப் பில் வராதில்ல” என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“அவரா? நம்ம கோழி அந்தப் பக்கம் முட்டை வெச்சாக்கூடக் கொண்டாந்து குடுக்கறவருங்க” என்றாள் மனைவி.

“முட்டை வேற, லைன் வேற” என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் கொல்லைப் பக்கம் போய் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். அவர் சமையலறை ஜன்னலிலிருந்து கறுப்பாக ஒரு கம்பி வெளியே வந்து கொய்யா மரத்துக்குள் போனது. எங்கள் போன் கம்பியும் அந்த மரத்துக்கு மேலேதான் போகிறது. மெல்ல வேலியைத் தாண்டி அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

மரத்துக்குள்ளிருந்து நாலு தகர டப்பாக்கள் கடகடவென்று அலறின. “தொலைஞ்சு போ சனியனே” என்று கத்திக்கொண்டு அவர் கவண்கல்லோடு வெளியே ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏனுங்க ரைட்டருங்க, நீங்களா? கொரங்குன்னு நெனச்சுட்டனுங்க.”

கொய்யாவுக்கு வருகிற குரங்கை விரட்ட வீட்டுக்குள் இருந்தே இழுக்கிற கம்பியாம் அது. கோழியைத் தேடி வந்தேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவரும் “கோழி இந்தப் பக்கம் வரலீங்களே” என்று என்கூடச் சேர்ந்து குனிந்து குனிந்து தேடினார். தொலையாத கோழியை இரண்டு பேரும் கால் மணி நேரம் தேடினோம்.

அதோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தேடுகிற சாக்கில் அவர் வீட்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கியபோது உள்ளே பார்த்துவிட்டேன். சுவரோரம் பலகை மேல் ஒரு சிவப்பு டெலிபோன் இருந்தது.

போன் கனெக்‌ஷன் இல்லாத வீட்டில் டெலிபோன். அன்றைக்கே எல்லாம் முடிவாகிவிட்டது எனக்கு.

லைன்மேனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் சேலத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் காலை பஸ்ஸில். தன் சோதனைப் போனை மாட்டி எக்ஸ்சேஞ்சுக்குப் பேசிவிட்டு, “லைன் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது தடவை திரும்பும்போது சாவிக்காரர் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். சரிதான், இவரும் கூட்டு என்று அவர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

புரட்டாசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி மறுபடி போன் செய்தார். இந்த வருஷத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார். அன்றைக்கே நான் சாவிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுவிட்டேன். “எங்க லைன்ல நீங்க கொக்கி போட்டிருக்கறீங்களா?”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கியது. உள்ளே போய் அந்தச் சிவப்புப் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சித்திரை வைகாசி இடியில் ஒரு பங்களாவில் கருகிப்போன போனாம். புதுசு மாட்டிவிட்டு இதைக் குழந்தை விளையாட எடுத்துப்போகச் சொன்னார்களாம். “கண்ணு, நீ இதுல யாருகிட்டப் பேசுவேன்னு ரைட்டருக்குச் சொல்லு சாமி” என்று தன் மகளைக் கூப்பிட்டார். அந்தக் குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆள் வருகிற தேதியைச் சேலம் பஸ் கண்டக்டர் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார் என்றும் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. சந்தேகம் பிடித்தவனுக்குப் பதில் இல்லாவிட்டாலும் குற்றம், பதில் இருந்தாலும் குற்றம்.

“அப்ப முனியப்பன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க” என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது பெரிய காரியம். சாமி முன்னால் கல் மேல் கற்பூரத்தை ஏற்றி, நான் செய்யவில்லை என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்று நம்புவார்கள். அதனால் லேசில் யாரும் யாரையும் சத்தியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ஒருவரைக் கூப்பிட்டாலே அவர் மேல் ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசும்.

பூசாரிகூடத் தடுத்தார். “வேண்டாமுங்க ரைட்டர். பாவத்துல சத்தியம் பண்ணறவனுக்குப் பாதின்னா, பண்ணச் சொல்றவனுக்குப் பாதிங்க.” நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூசாரி, டீக்கடைக்காரர், இன்னும் இரண்டு பேர். சாவிக்காரர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். அவர் மனைவி கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டாள். கற்பூரம் எரிந்தது. “ரைட்டர் ஊட்டுக் கம்பியை நான் தொட்டதில்லீங்க சாமி. அது எங்க போவுதுன்னுகூட எனக்குத் தெரியாது” என்று சொல்லி உள்ளங்கையால் ஒரே அடி. அணைந்துவிட்டது. யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

இங்கேதான் பாருங்கள், பிள்ளைகளே. அன்றைக்குச் சாயங்காலம் மோடத்தைப் போட்டேன். 31,200. திங்கள்கிழமை சாயங்காலமும் அப்படியே. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. என்ன நினைத்தேன் தெரியுமா? சத்தியத்துக்குப் பயந்து கொக்கியைக் கழற்றிவிட்டார் என்று நினைத்தேன். என் கண்ணுக்கு அது சாமியே கொடுத்த ருசுவாக இருந்தது.

அடிவாரத்தில் தன் அண்ணன் பிள்ளையின் காதுகுத்துக்குப் போயிருந்த என் மனைவி புதன்கிழமை மத்தியானம் திரும்பி வந்தாள். சாயங்காலம் மோடத்தைப் போட்டேன். 4,800. அறுந்தது.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனேன். “மூணு நாள் பொறுத்தாரு. மறுபடி கொக்கியைப் போட்டுட்டாரு. முனியப்பன் முன்னால பொய்ச் சத்தியம் பண்ணியிருக்காரு” என்று எட்டுப் பேர் கேட்கச் சொன்னேன். ஒருவர் “அந்த ஆளா?” என்று கேட்டார். “அந்த ஆளேதான்” என்றேன்.

டீக்கடையில் சொன்னது ஏரிக்கரைக்குப் போகும். ஏரிக்கரையில் சொன்னது சேலத்துக்கே போகும். ஆயுதபூஜை விடுமுறைக்கு வந்த ஒரு பங்களா அம்மாவின் காதுக்கும் போனது. பொய்ச் சத்தியம் செய்கிறவரிடம் சாவி எதற்கு என்று வாங்கிக்கொண்டார். பங்களாக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான். தீபாவளிக்குள் ஐந்து சாவியில் மூன்று போய்விட்டது. மீதி இரண்டை வைத்துக் குடும்பம் ஓடாது. கார்த்திகையில் காப்பி பறிப்பு தொடங்கியபோது அவர் எங்கள் எஸ்டேட்டுக்கே கூலிக்கு வந்தார். தினமும் காலையில் வரிசையில் நின்று, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தன் பெயரை என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். நானும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொள்வேன்.

அந்த மாதம் ஒரு மழையில் மாரமங்கலம் போகிற வழியில் மரம் விழுந்து டெலிபோன் கம்பி அறுந்தது. லைன்மேன் அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் வாசலில் ஒதுங்கினார். சாயங்காலம் நாலரை, ஐந்து மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. “உங்க லைன் எப்படீங்க?” என்று கேட்டார். நான் கோபமாகப் போனை எடுத்து அவர் காதில் வைத்தேன். உம்மென்று சத்தம்.

அவர் முகம் மாறிவிட்டது. “காலையில வந்தப்பல்லாம் இது ஏன் எனக்குக் கேக்கல?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவர் செய்ததை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். வெளியே, கம்பி வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தார். எங்கள் வீட்டுக்குள் போகிற கம்பியை மொத்தமாகக் கழற்றிவிட்டார். கம்பத்திலிருந்து வருகிற கம்பியில் மட்டும் தன் சோதனைப் போனை மாட்டி என் காதில் வைத்தார். உம் சத்தம் இல்லை. சுத்தமாக இருந்தது. மறுபடி வீட்டுக் கம்பியை மாட்டினார். உம்.

“வெளியில இருந்து இது வரைக்கும் ஒன்னும் இல்லீங்க. கோளாறு ஊட்டுக்குள்ளதான் இருக்குது.”

“ஊட்டுக்குள்ள யாரு இருக்காங்க? நானும் அவளுந்தான்” என்றேன்.

அவர் கம்பியைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். மோடத்தைக் கழற்றினார், உம். போனையே கழற்றித் தன் போனை மாட்டினார், உம். அலமாரியை நகர்த்தினார். சுவரில் போன் கம்பி முடிகிற இடத்திலிருந்து பச்சையாக ஒரு கம்பி கீழே இறங்கி, ஓட்டை வழியாக வெளியே போனது.

“இது என்னுங்க?”

அது என் கைவேலை. அதைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அந்தக் கோடை இடியில் எங்கள் போனும் கருகிப்போயிருந்தது. புதுப் போன் வந்ததும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு வைராக்கியம். எஸ்டேட் பம்ப்செட்டுக்கு எர்த் போட்டதைக் கூடவே நின்று பார்த்திருந்தேன். குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, உப்பும் கரியும் மாறி மாறிப் போட்டு மூட வேண்டும். குழி காயாமல் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதேபோல வீட்டுக்குப் பின்னால் நானே குழி தோண்டி, போன் கம்பியின் ஒரு இழையிலிருந்து அந்தக் குழாய்க்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டிவிட்டேன். இடி வந்தால் நேராக மண்ணுக்குப் போய்விடும் என்று கணக்கு.

“இடி தாங்கிங்க. நானே போட்டது” என்றேன். பாதிப் பெருமையோடுதான் சொன்னேன்.

லைன்மேன் கட்டிங் பிளேயரை எடுத்து அந்தப் பச்சைக் கம்பியை டக்கென்று நறுக்கினார். போனை என் காதில் வைத்தார். சத்தமே இல்லை.

“இடி போறதுக்கு வழி வெச்சீங்க. உங்க பேச்சும் அதே வழியில மண்ணுக்குள்ள போவுது. பூமாதேவிதானுங்க இத்தனை நாளா ஒட்டுக் கேட்டிருக்கா” என்று சிரித்தார்.

“காலையில மட்டும் எப்படீங்க நல்லாருந்துச்சு?”

“குழி ஈரமா இருந்தாத்தான் இழுக்கும். காஞ்சிருந்தா அவ்வளவா இழுக்காதுங்க. தண்ணி கிண்ணி ஊத்தறீங்களா?”

வாசற்படியில் நின்றிருந்த என் மனைவி சொன்னாள். “இவருதானுங்க ஒரு நாள் தவறாம ஊத்தணும்னாரு. தெனம் அஞ்சு மணிக்கு ரெண்டு கொடம் ஊத்தறனுங்க. சரிவு நெலமில்லீங்களா, விடியறதுக்குள்ள வடிஞ்சு போயிருது.”

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் புரிந்தது. ஐந்து மணிக்குச் சாவிக்காரர் வீடு திரும்புகிறார். ஐந்து மணிக்கு என் மனைவி தண்ணீர் ஊற்றுகிறாள். மழை நாளில் அவர் வீட்டில் இருக்கிறார். மழை நாளில் குழி நாள் முழுக்க நனைந்திருக்கிறது. சத்தியம் செய்த பிறகு லைன் நன்றாக இருந்த மூன்று நாளும் என் மனைவி அடிவாரத்தில் இருந்தாள், குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, மழையும் இல்லை. என் நோட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் உண்மைதான். எந்த ஆளை மனதில் வைத்து எழுதினேனோ அது மட்டும்தான் தப்பு.

“என்னுங்க ரைட்டர், லைன் சரியாயிடுச்சு, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?” என்றார் லைன்மேன்.

மறுநாள் காலை பதிவு எடுக்கும்போது சாவிக்காரர் பெயரைச் சொன்னார். என்னால் எழுத முடியவில்லை. அவர் பறிக்கிற வரிசைக்குப் பின்னாலேயே போனேன். செடியைப் பார்த்துக்கொண்டே பறித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழி, உப்பு, கரி, தண்ணீர் எல்லாம். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பழத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டே இருந்தார்.

“அப்ப லைன் நல்லாப் போவுதுங்களா?” என்று கேட்டார்.

“போவுதுங்க.”

“சரிங்க.” இன்னும் நாலு பழம் பறித்தார். “டீக்கடையில எட்டுப் பேரு கேக்கச் சொன்னீங்களாமா. எட்டுப் பேரு கேக்க இதையும் சொல்லிடுங்க. என் புள்ளைய ‘பொய்ச் சத்தியக்காரன் மக’ன்னு கூப்பிடறாங்க.”

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் சொன்னேன். என் மேல்தான் தப்பு, அவர் சத்தியம் மெய்ச் சத்தியம் என்று சொன்னேன். எட்டுப் பேருக்கு மேலேயே இருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், “தண்ணி ஊத்தி ஊத்தி வளர்த்தியாப்பா சந்தேகத்தை?” என்றார். சிரிக்கட்டும் என்று நின்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அதே நாலு பேர் முன்னால் சொன்னேன். பூசாரி திருநீறு கொடுத்தார்.

முதலாளிக்கும் உள்ளதை எழுதினேன். அவர் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அதற்குக்கூட அன்றைக்கு எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

சாவியை வாங்கிக்கொண்ட மூன்று பேருக்கும் கடிதம் எழுதினேன். இரண்டு பேருக்குத் தபாலில் போனது. அந்தப் பங்களா அம்மாவின் மகனுக்கு இ-மெயில் இருந்தது. நான் நாலு நாள் அடித்துத் திருத்தி எழுதின அந்தக் கடிதம் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரே மூச்சில், நான் கையை எடுப்பதற்குள் போய்விட்டது. அவ்வளவு வேகத்தில் அந்த லைன் அதற்கு முன்னால் போனதில்லை.

தபாலில் எழுதியவர்களில் ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் வேறு ஆள் வைத்துவிட்டதாக எழுதினார். அந்த அம்மா மட்டும் பொங்கல் விடுமுறைக்கு நேரில் வந்தார். என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, சாவிக்காரரிடம் வருத்தம் சொல்லி, சாவிக் கொத்தை நீட்டினார்.

அவர் கை நீட்டவில்லை.

“மொதல்ல உள்ள இருக்கறதை எல்லாம் எண்ணி எழுதிக் குடுத்துடுங்கம்மா. அப்பறம் வாங்கிக்கறனுங்க.”

“அதெல்லாம் எதுக்குப்பா? பன்னெண்டு வருஷத்துல ஒரு நாளாவது எழுதியிருக்கமா?”

“இல்லீங்கம்மா. எழுதிடலாங்க.”

அந்த அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் வாசலிலேயே நின்றார், கோபமாக அல்ல, ரொம்பப் பணிவாகத்தான். கடைசியில் நான்தான் உட்கார்ந்து எழுதினேன். நாற்காலி ஆறு, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். கம்பளி எட்டு. வெந்நீர்ப் பானை ஒன்று. கரண்டி, டம்ளர், விளக்கு, கதவுத் திரை, கொடுவாள் என்று ஒன்று விடாமல் அவர் எடுத்துக் காட்டக் காட்ட எழுதினேன். உடைந்த கண்ணாடியை உடைந்தது என்றே எழுதச் சொன்னார். மத்தியானம் வரை ஆனது. அந்த அம்மா கையெழுத்துப் போட்டதும் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சாவியை வாங்கினார்.

அவர் என்னோடு சண்டை போட்டதில்லை. பேசாமல் இருந்ததும் இல்லை. அவர் மனைவிதான் ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, பிறகு அவளும் வந்தாள். பிள்ளைகளே, எதிலாவது கோளாறு வந்தால் முதலில் உங்கள் வீட்டுக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள் என்று அந்த லைன்மேன் மாதிரி நானும் உங்களுக்குச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அது அல்ல. என் லைனைச் சரிசெய்ய ஒரு நறுக்கு போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எண்ணி எழுதாமல் ஒருவர் கையிலிருந்தும் ஒரு சாவியை வாங்கி நான் பார்த்ததில்லை, அப்படி அவரை ஆக்கியது நான் என்பதை நினைக்காமல் இன்றுவரை நான் யாரையும் சந்தேகப்பட்டதும் இல்லை.